அம்பாசிடரில் டர்போ டீசல் ஏற்றியபின் இன்டர்கூலர் பொருத்தும் முறை: வேலூர் வெயிலுக்கு எது தாங்கும்

டர்போ இன்ஜின் மாற்றிய பழைய வண்டிக்கு இன்டர்கூலர் (டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் சாதனம்) வைக்கும்போது பலரும் ஒரு பக்கக் கணக்கையே போடுகிறார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்று எவ்வளவு குளிரும் என்று பார்ப்பார்கள். பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்கு என்ன மிச்சம் என்று பார்ப்பதில்லை. ஊட்டியில் இது ஓடிவிடும். கத்திரி வெயிலில் சத்துவாச்சாரி மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நிற்கும் வண்டியில் ஓடாது.

இங்கே எடுத்துக்கொண்டது அம்பாசிடர். ஐசூசு வழி வந்த 1995 சிசி டீசல் இன்ஜின் இந்த வண்டியிலேயே வந்ததுதான். அதன் டர்போ வகை அதே நிறுவனத்தின் இன்னொரு காரான காண்டெஸாவில் வந்தது. அந்த அளவுள்ள எந்த 2 லிட்டர் டர்போ டீசலுக்கும் கீழே உள்ள அளவுகள் பொருந்தும். பெட்ரோல் டர்போ என்றால் இக்னிஷன் டைமிங், நாக்கிங் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அது வேறு வேலை.

முதலில் ஆர்.சி. விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். பெட்ரோல் வண்டி டீசல் ஆனால் ஆர்.சி.யில் எரிபொருள் விவரமும் மாற வேண்டும். இன்ஜின் நம்பர் ஏறாத வண்டிக்கு இன்டர்கூலர் வாங்கப் போக வேண்டாம். முதலில் அதை முடியுங்கள்.

கணக்கு

வெளியே 42 டிகிரி. டர்போ 0.7 பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடுதல் அழுத்தம், கொடுக்கிறது. மீட்டரில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தினால் காற்று சூடாகும், சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவது போலத்தான். நல்ல நிலையில் உள்ள டர்போவின் கம்ப்ரஸர் திறன் 65 சதவீதம் என்று வைத்தால், வெளியே வரும் காற்று 120 டிகிரியைத் தொடும். சுமாரான இன்டர்கூலர் ஒன்று, டர்போ ஏற்றிய அந்தச் சூட்டில் 65 சதவீதத்தை இறக்கிவிடும். அப்போது இன்ஜினுக்குள் போவது 70 டிகிரி காற்று. அடர்த்தி சுமார் 15 சதவீதம் கூடும்.

இதில் ஒரு பிடி இருக்கிறது. இன்டர்கூலரும் பைப்பும் சேர்ந்து 0.1 பார் அழுத்தத்தைத் தின்றால் அந்த 15 சதவீதத்தில் கிட்டத்தட்ட பாதி பறிபோய் 8 சதவீதம்தான் மிஞ்சும். 0.05 பார் மட்டும் தின்றால் 11 மிஞ்சும். அதனால் அடைசலான உள்வழி கொண்ட பெரிய கோரைவிட (கோர் என்பது இன்டர்கூலரின் குழாயும் ஃபின்னும் சேர்ந்த உடல்), திறந்த உள்வழி கொண்ட நடுத்தரக் கோர் மேல்.

ரேடியேட்டர் பக்கம் வருவோம். முழு லோடில் இந்த இன்டர்கூலர் வெளியே தள்ளும் சூடு சுமார் 5 கிலோவாட். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் வழியே போகும் காற்று கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறித்தான் ரேடியேட்டருக்குப் போய்ச் சேரும். தண்ணீர் 90 டிகிரி, வெளிக்காற்று 42 என்றால் ரேடியேட்டர் கையில் இருப்பதே 48 டிகிரி வித்தியாசம்தான். அதில் 10 போனால் ஐந்தில் ஒரு பங்கு காலி. வெளிக்காற்று 20 டிகிரியாக இருக்கும் ஊரில் 70 டிகிரி வித்தியாசம் இருக்கும், 10 போனாலும் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால் இன்டர்கூலர் ரேடியேட்டர் முகத்தில் 40 சதவீதத்துக்கு மேல் மறைக்கக் கூடாது. முகம் முழுவதையும் மூடும்படி கிரில்லுக்குப் பின்னால் பளபளவென்று ஒரு கோரை மாட்டுவது, கல்யாண வண்டிக்கு மாலை போடுவது போல. பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்டர்கூலர் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, செலவும் குறைவு. ஏர் ஃபில்டர் எங்கிருந்து காற்று இழுக்கிறது என்று பாருங்கள். பானட்டுக்குள் எக்ஸாஸ்ட் பக்கமாக வாயைத் திறந்துகொண்டிருந்தால் அது இழுப்பது 65 டிகிரி காற்று. டர்போவைத் தாண்டும்போது அது 150 டிகிரி. ரேடியேட்டர் பேனலின் ஓரமாக 65 மி.மீ. ஹோஸ் ஒன்றை முன்பக்கம் கொண்டுவந்து வெளிக்காற்றை இழுக்க வையுங்கள். வாய் கீழ்நோக்கித் திரும்பியிருக்கட்டும், மழைத்தண்ணீர் ஏறாது. இதைச் செய்யாமல் இன்டர்கூலர் வைத்தால், அதன் உழைப்பில் பாதி இந்தத் தவற்றைச் சரிக்கட்டவே போய்விடும்.

கோர் தேர்வு

அகலம் 40 முதல் 45 செ.மீ., உயரம் 18 முதல் 20 செ.மீ., தடிமன் 5 முதல் 6 செ.மீ. இந்த அளவு 2 லிட்டர் டீசலுக்குப் போதும். தடிமன் 9 செ.மீ. உள்ள கோர்கள் கிடைக்கும், வேண்டாம். பின்பாதிக்குப் போகும் காற்று ஏற்கெனவே சூடானது, அது அதிகம் குளிர்விக்காது. ரேடியேட்டரின் மூச்சைத்தான் அடைக்கும்.

புதிதாக வாங்கினால் முழு அலுமினியத்தில், இரண்டு பக்க டேங்கும் வெல்டிங் செய்தது. பழையது என்றால் ஸ்கார்பியோ 2.6 போன்ற வண்டிகளில் இருந்து கழற்றியது கிடைக்கும். பிளாஸ்டிக் டேங்க் வைத்து ஓரத்தை மடித்து இறுக்கிய வகையாக இருந்தால், மடிப்பைச் சுற்றி எண்ணெய்க் கசிவின் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த மடிப்பை மறுபடி இறுக்கினால் நிற்பது அபூர்வம். டர்போ உடைந்த வண்டியின் இன்டர்கூலர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே மாட்டிய உலோகத் துணுக்கு எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது. என்றோ ஒருநாள் பிஸ்டனைத் தேடிப் போகும்.

பழைய கோரைக் கழுவுவதில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ரேடியேட்டர் பட்டறையில் பித்தளை ரேடியேட்டரை முக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் இதைப் போட விடாதீர்கள். பித்தளைக்கு அது குளியல், அலுமினியத்தைக் கரைத்துவிடும். தொட்டியில் போட்டதும் நுரைத்துக் குமிழி விட்டால் கரைகிறது என்று பொருள். மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு பக்கமும் அடைத்துக் குலுக்கி, அரைமணி ஊறவிட்டு வடியுங்கள். வருவது தெளியும்வரை மூன்று, நான்கு முறை. பிறகு சோப்புப் பொடி கரைத்த வெந்நீர், பிறகு வெறும் தண்ணீர். இரண்டு, ஒரு நாள் முழுக்க வெயிலில் வாயைக் கீழே பார்க்க வைத்துக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் தங்கியிருந்து முதல் ஸ்டார்ட்டிங்கில் இன்ஜின் அதை உறிஞ்சினால், டீசல் பம்பை நிறுத்தினாலும் இன்ஜின் நிற்காது. தானாக வேகம் ஏறிக்கொண்டே போகும். எதற்கும் முதல் ஸ்டார்ட்டிங்கில் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி, டர்போ வாயை மூட ஒரு மரப்பலகையுடன் ஒருவர் நிற்கட்டும். கையால் மூடப் போகக் கூடாது.

இடம் அளப்பது

2014-ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனது. ரேடியேட்டர் பேனல், கிரில் எல்லாம் இனிக் கிடைத்தால் உண்டு. அதனால் வெட்டுவதற்கு முன் தெர்மாகோலில் கோரின் முழு அளவுக்கு, டேங்கும் சேர்த்து, ஒரு டம்மி செய்து வைத்துப் பாருங்கள். கிரில்லை மாட்டி, பானட்டை மூடி, லாக் விழுகிறதா என்று பாருங்கள். ஹாரன் இடம் மாற வேண்டியிருக்கும், பக்கவாட்டில் தள்ளுங்கள்.

ரேடியேட்டரின் கீழ்ப்பாதிக்கு எதிரே வைப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவே 20 முதல் 25 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியின் இரண்டு ஓரத்தையும் கதவு பீடிங் ரப்பரோ ஃபோமோ வைத்து அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் காற்று கோருக்குள் நுழையாமல் ஓரமாக நழுவிப் போய்விடும்; காற்றுக்கு என்றுமே சுலபமான வழிதான் பிடிக்கும்.

கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தாங்கிகள். மூன்றிலும் ரப்பர் புஷ், எம்8 போல்ட், அகல வாஷர், நைலான் லாக் நட்டு. ரப்பர் இல்லாமல் இரும்பு பிராக்கெட்டில் நேராக இறுக்கினால் பத்து ஸ்பீடு பிரேக்கரில் ஒன்றும் ஆகாது. ஆறு மாதத்தில், கோரில் போல்ட் மாட்டும் காதின் வெல்டிங் ஓரத்தில் முடி போல விரிசல் விடும். குறுக்குச் சட்டத்தில் துளை போடாதீர்கள், வெட்டவே வெட்டாதீர்கள். முன் சஸ்பென்ஷன் லோடு அதன் வழியேதான் போகிறது. பிராக்கெட்டுகளை ரேடியேட்டர் பேனலில் இருக்கும் துளைகளிலேயே பிடிக்க வையுங்கள்.

பைப்

50 மி.மீ. வெளி விட்டம் போதும். 4000 ஆர்.பி.எம்.மில் இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 3400 லிட்டர் அளவுக்கு அழுத்திய காற்றை விழுங்கும். 50 மி.மீ. பைப்பில் அது நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும், தொல்லை இல்லாத வேகம். 63 மி.மீ. போட்டால் கிடைப்பது ஒன்றுமில்லை. பைப்பை நிரப்ப டர்போவுக்கு ஆகும் நேரம்தான் கூடும். டர்போ வாய் 40 மி.மீ. சொச்சம் இருந்தால் ரெட்யூசர் ஹோஸ் போடுங்கள், ஒரே படியில் திடீரென்று விரியாமல் 75 மி.மீ. நீளத்திலாவது விரியட்டும்.

அலுமினியம் 2 மி.மீ. தடிமன், அல்லது 304 ஸ்டெயின்லெஸ் 1.5 மி.மீ. சாதாரண இரும்புப் பைப் உள்ளே துருப்பிடித்து அந்தச் செதில் இன்ஜினுக்குள் போகும். சைலன்ஸர் பட்டறையில் வளைக்கச் சொன்னால் வளைவு நசுங்கி, 50 மி.மீ. பைப் அந்த இடத்தில் 40 ஆகிவிடும். ரெடிமேடாக வரும் 45, 90 டிகிரி எல்போக்களை வாங்கி ஆர்கான் வெல்டிங்கில் இணையுங்கள். வெல்டிங்குக்கு முன் 50 மி.மீ. பிளம்பிங் பி.வி.சி. பைப்பை வெட்டி டேப் ஒட்டி வழியை மாதிரி பார்த்துக்கொள்ளலாம். அந்த மாதிரியை அப்படியே ஆர்கான் கடைக்கு எடுத்துப் போனால் பேச்சே வேண்டாம். பி.வி.சி.யை வண்டியில் விட்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். 120 டிகிரியில் அது ரப்பராகிவிடும்.

பேனலில் பைப் நுழையும் இடத்துக்கு 65 மி.மீ. ஹோல் சா. சுற்றிலும் 7 மி.மீ. இடம் கிடைக்கும். வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்கி, பிரைமர் அடித்து, ரப்பர் பீடிங் சுற்றுங்கள். டர்போவில் இருந்து வரும் சூட்டுப் பைப்பும் இன்டர்கூலரில் இருந்து திரும்பும் பைப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது 8 செ.மீ. தள்ளி இருக்கட்டும். முடியாத இடத்தில் திரும்பும் பைப்புக்கு மட்டும் ஹீட் ராப் (சூடு தடுக்கும் பட்டை) சுற்றுங்கள். சூட்டுப் பைப்புக்குச் சுற்றினால் அது வழியில் இழக்கும் கொஞ்சம் சூட்டையும் நாமே காப்பாற்றிக் கொடுத்தது போல.

பைப் முனையைச் சுற்றி வரம்பு (வயல் வரப்பு போன்ற சிறு மேடு) வேண்டும். இதைத் தவிர்த்ததால்தான் பாதி வண்டிகளில் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு போகிறது. 1 பார் அழுத்தத்தில் 50 மி.மீ. வாயை 20 கிலோ விசை தள்ளும். வழவழப்பான முனையில் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பீடிங் ரோலர் இல்லாத பட்டறையில், முனையில் இருந்து 5 மி.மீ. தள்ளி, 1.5 மி.மீ. உயரத்துக்கு ஆர்கானில் ஒரு சுற்று வரம்பு போடச் சொல்லுங்கள். முழுச் சுற்று வராவிட்டால் நான்கு இடத்தில் சிறு மேடு போதும். ஹோஸ் 35 முதல் 40 மி.மீ. உள்ளே ஏற வேண்டும், கிளாம்ப், பைப் முனையில் இருந்து பார்த்தால், வரம்புக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். வரம்பின் மேலேயே உட்காரக் கூடாது.

நான்கு அடுக்கு சிலிகான் ஹோஸ் வாங்குங்கள், உள்ளே ஃப்ளோரோசிலிகான் பூச்சு உள்ளதாக. சாதாரண சிலிகான் ஹோஸ் எண்ணெய்யைக் குடித்து, சில மாதத்தில் வெளிப்பக்கம் வியர்த்தாற்போல் நிற்கும். டீசலில் பிரீதர் (இன்ஜின் உள்ளே சேரும் புகையை வெளியே விடும் குழாய்) வழியே எண்ணெய்ப் புகை வந்தே தீரும். பட்டையில் துளையுள்ள சாதாரண ஹோஸ் கிளிப் சிலிகானை அறுக்கும். துளையில்லாத பட்டையை போல்ட்டால் இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். ஹோஸ் ஏறவில்லை என்று கிரீஸ் தடவாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும், அது காய்ந்துவிடும்; கிரீஸ் காயாது.

டீசல் இன்ஜின் ஆடும். ஐடிலிலும் ஆடும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 15, 20 மி.மீ. சாயும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் இடத்தில் பைப் முனைகளுக்கு இடையே 40 முதல் 50 மி.மீ. இடைவெளி விட்டு ஹம்ப் ஹோஸ் (நடுவில் புடைத்து, வளைந்துகொடுக்கும் ஹோஸ்) போடுங்கள். மற்ற இணைப்புகளில் இடைவெளி 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம், அதிகம் இருந்தால் பூஸ்டில் ஹோஸ் பலூன் போல ஊதும். பாடிப்பக்கப் பைப்பை ரப்பர் வைத்த கிளிப்பில் பாடியோடு பிடியுங்கள்.

சின்னக் குழாய்கள்

டீசல் பம்பில் பூஸ்ட் காம்பென்சேட்டர் (பூஸ்டுக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் பாகம்) இருந்தால் அதன் குழாய் இன்லெட் மேனிஃபோல்டில் இருந்தே வர வேண்டும். டர்போ வாயில் இருந்து எடுத்தால், இன்ஜினுக்குக் கிடைக்கும் அழுத்தத்தைவிட அதிகமாகப் பம்ப் உணரும். அதிக டீசல், கறுப்புப் புகை. பூஸ்ட் எல்லை மீறாமல் தடுக்கும் வேஸ்ட்கேட்டின் குழாயை டர்போ வாயில் இருந்த இடத்திலேயே விடுங்கள். பூஸ்ட் மீட்டர் 0.7 காட்டியது 0.63 காட்டினால் பதற வேண்டாம். குளிர்ந்த காற்றும் கோரின் தடையும் சேர்ந்த விளைவு. அதை ஈடுகட்ட வேஸ்ட்கேட் கம்பியை இறுக்கினால் டர்போவின் ஆயுளில் இருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்.

பிரீதர் குழாயை நேராக டர்போ வாய்க்கு விடாமல், நடுவில் ஒரு லிட்டர் கேட்ச் கேன் (எண்ணெய்யைப் பிடித்துவைக்கும் டப்பா) வையுங்கள். இன்டர்கூலருக்குள் எண்ணெய்ப் படலம் படிந்தால் சூடு கடத்துவது குறையும்.

ஃபேன் பற்றி. இன்ஜின் ஃபேனுக்கு ஷ்ரவுடு (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர் வரை வரும் கூடு) இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், தகரத்தில் அடித்தாலும் சரி. அதன் பிறகும் போதாவிட்டால் 12 அங்குல எலெக்ட்ரிக் ஃபேனை இன்டர்கூலர் மறைக்காத பகுதிக்கு முன்னால் வையுங்கள். 30 ஆம்பியர் ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர். டைனமோவிலேயே ஓடும் பழைய வண்டி என்றால் ஆல்டர்னேட்டர் மாற்றாமல் இதைத் தொடாதீர்கள்.

லீக் டெஸ்ட்

கோரைத் தனியாக: இரண்டு வாயையும் அடைத்து 1.5 பார் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்குங்கள். ஒரு குமிழிகூட வரக் கூடாது.

பொருத்திய பின்: லேத்தில் 50 மி.மீ.க்கு ஒரு அலுமினிய அடைப்பான் கடைந்து, நடுவில் டியூப்லெஸ் டயர் வால்வு மாட்டுங்கள். டர்போ வாய்ப்பக்க ஹோஸில் அதையும், மேனிஃபோல்டு பக்க ஹோஸில் வால்வு இல்லாத இன்னொன்றையும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ரெகுலேட்டர் உள்ள கம்ப்ரஸரில் 1 பார் மட்டும். டயருக்கு அடிக்கும் முழு அழுத்தத்தையும் திறந்துவிட்டால் அடைப்பான் துப்பாக்கிக் குண்டுதான். எதிரே யாரும் நிற்கக் கூடாது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 1 பார் 0.8-க்குக் கீழே போனால் எங்கோ நல்ல ஓட்டை. மேனிஃபோல்டு பக்கத்தை அடைக்காமல் செய்தால் திறந்திருக்கும் இன்லெட் வால்வு வழியே காற்று நழுவும், இல்லாத லீக்கைத் தேடி ஒருநாள் போகும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில், மதியம். பக்கத்து இருக்கையில் ஒருவர் மீட்டர்களைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். டர்போ வாயில் ஒரு பிரஷர் மீட்டரும் மேனிஃபோல்டில் ஒன்றும் தற்காலிகமாக மாட்டி, நான்காவது கியரில் முழு மிதியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள். 0.05 முதல் 0.1 பார்வரை சரி. 0.15 தாண்டினால் கோர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ எல்போ நசுங்கியிருக்கிறது.

நெடுஞ்சாலையில் தேறும் வண்டி ஏலகிரியில் தோற்கும். பொன்னேரியில் இருந்து ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் 20, 25-தான்; பூஸ்ட் முழுசாக இருக்கும், எதிர்க்காற்று இருக்காது. தண்ணீர் மீட்டர் எந்த வளைவில் வழக்கத்தைத் தாண்டுகிறது என்று பாருங்கள். மேலே போய்ச் சேருமுன் 100-ஐ நெருங்கினால் கோர் ரேடியேட்டரை அதிகம் மறைக்கிறது, அல்லது ஓர அடைப்பில் ஓட்டை. இன்டர்கூலரின் இரண்டு டேங்கையும் நிறுத்தியவுடன் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை, எல்லாமே சூடாகியிருக்கும்.

எக்ஸாஸ்ட் வெப்பத்தை டர்போவுக்கு முன் கே-டைப் சென்ஸரில் அளந்தால், நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இன்டர்கூலர் வைத்தபின் அதே டீசலுக்கு இது இறங்கும், புகையும் குறையும். அந்த மிச்சத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் பம்பில் டீசல் அளவைக் கூட்டும் ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருகுவதானால் ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று, பிறகு மறுபடி ஏலகிரி. ஆசை நின்றால் திருகாமலே விடலாம்.

100 கிலோமீட்டரில் எல்லாக் கிளாம்ப்பையும் குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறை இறுக்குங்கள். விசில் சத்தமும் புகையும் சேர்ந்து வந்தால் ஹோஸ் லீக். இணைப்பைச் சுற்றி எண்ணெய்த் துளியில் ஒட்டிய புழுதி இடத்தைக் காட்டிக் கொடுக்கும். மணல் லாரிகளின் பின்னால் ஓடும் வண்டிக்குக் கிரில்லுக்குள் 4 மி.மீ. கண் உள்ள வலை வேண்டும். ஃபின்களை வாட்டர் சர்வீஸில் நேராக அடிக்க விடாதீர்கள், மடங்கிவிடும். தோட்டத்துக் குழாயில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, பங்குனி கடைசியில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. கேட்ச் கேனைத் திறந்து கொட்டும்போது 1000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல் எண்ணெய் இருந்தால் இன்டர்கூலரை விட்டுவிட்டு பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள்.